படத்தில் விழாத தாமரைக் காசு

எக்ஸ்ரே அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கதிர்வீச்சு நம்மைக் கெடுப்பதற்கு முன்னால் மனிதர்கள் கெடுத்துவிடுவார்கள். கதிருக்காவது ஈயக் கவசம் இருக்கிறது. மனிதர்களுக்கு எதைப் போட்டுக்கொள்வது? மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அசையாதீர்கள் என்றால், "அசையல சார்" என்று தலையை ஆட்டிச் சொல்வார்கள். இதையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலும் போட மாட்டார்கள்.

பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். படத்தைக் கழுவி வெளியே எடுத்தால் வரிசையாகக் காசுகள் தெரியும். ஒருமுறை ஆவடியிலிருந்து ஒரு பெரியவர் வயிற்றுவலி என்று வந்தார். படத்தில் இடுப்புக்கு நடுவே வட்டமாக ஒன்று, நடுவில் ஓட்டையோடு. போல்ட்டுக்குப் போடும் வாஷரைத்தான் விழுங்கியிருக்கிறார் என்று நான் பதறிப்போனேன். அவர் நிதானமாக அரைஞாண் கயிற்றை இழுத்துக் காட்டினார். பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த சில்லறையில் கிடைத்த ஓட்டைக் காலணாவாம். கழற்றினால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். அதிர்ஷ்டம் போகாமல் இருக்க ஒரு ஃபிலிம் போனது. ஃபிலிம் என் அப்பன் வீட்டு ஃபிலிமா?

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் முழுக்க இந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. பழைய காசுக்குப் பாரிமுனையில் ஒருவர் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார் என்று யாரோ கொளுத்திப் போட்டுவிட்டார்கள். யாரைக் கேட்டாலும் மச்சானின் கம்பெனியில் ஒருத்தர் விற்றார் என்பார்கள். அந்த ஒருத்தரை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை. ஆனால் டீக்கடையில் மீதிச் சில்லறை வாங்குகிறவர் ஒவ்வொரு காசையும் புரட்டி வருஷம் பார்த்து முடிக்கும் வரை பின்னால் நிற்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். பஸ்ஸில் கண்டக்டரோடு தினம் சண்டை. எங்கள் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிற பெண், நோயாளியின் பெயரை எழுதுவதற்கு முன் அவர் நீட்டிய காசைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள்.

அதில் ராஜா, தாமரைக் காசுதான். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மஞ்சளாக, வட்டமாக, தாமரைப்பூ போட்ட பித்தளை இருபது பைசா. அதற்குள் தங்கம் கலந்திருக்கிறது என்று ஆம்பிளைகள் மோதிரம் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். லட்சுமி பூஜைக்கு அதில் நூற்றியெட்டு வேண்டும் என்று பெண்கள் சேர்த்தார்கள். அச்சடித்து நெடுங்காலம் ஆகிவிட்டது. எப்போதாவது சில்லறையோடு சில்லறையாக ஒன்று கைக்கு வரும். வந்த வீட்டில் அன்றைக்கு வேறு பேச்சு இருக்காது.

அப்படி வந்த ஒரு காசு எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சின்ன மருத்துவமனை, அன்றைக்கு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், நான், அவ்வளவுதான். டாக்டரம்மா கிளம்பப் பையை எடுத்துவிட்டார். வாசலில் சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, செருப்பில்லாமல். அவர் பெயர் ஏழுமலை. எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். மனைவி கஸ்தூரி. குழந்தை செல்விக்கு நாலு வயது இருக்கும். அதன் வாயிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. அழக்கூட இல்லை, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு முழித்தது.

"காசு முழுங்கிட்டா சார். சாதா காசு இல்ல, தாமரப்பூ காசு" என்றார் ஏழுமலை.

எப்போது விழுங்கினாள், மூச்சு விட முடிகிறதா, இருமினாளா என்று டாக்டரம்மா கேட்டார். அதற்கெல்லாம் பதில் கஸ்தூரியிடமிருந்துதான் முணுமுணுப்பாக வந்தது. ஏழுமலை சொன்னது முழுக்கக் காசைப் பற்றி. சம்பளச் சில்லறையோடு வந்ததாம். தேய்மானமே இல்லையாம். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாராம். காலையில் பார்த்தால் காசைக் காணோம், குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டியும் பார்த்திருக்கிறார். கேட்டதும், காசு மூச்சுக்குழாய்க்குப் போயிருந்தால் என்ன ஆவது என்று டாக்டரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

நான் மேஜையைத் தயார் செய்துகொண்டிருந்தபோது ஏழுமலை என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், எடுக்கறப்போ கீறல் வுழாம பாத்துக்க சொல்லு சார். கீறல் வுழுந்துச்சின்னா வெலயே போவாது" என்றார்.

அறையலாம் போல இருந்தது. குழந்தை எச்சில் முழுங்க முடியாமல் தவிக்கிறது. இவருக்குக் காசில் கீறல் விழக் கூடாது. ஈயக் கவசத்தை அவர் கழுத்தில் மாட்டி, குழந்தையின் தோளைப் பிடித்துக்கொள், வாயைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்தேன். கழுத்திலிருந்து வயிறு வரை, ஒரே ஃபிலிமில்.

உங்களுக்கு இப்போது பொத்தானை அழுத்தியதும் திரையில் வந்துவிடுகிறது. எங்களுக்கு இருட்டறையில் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். டாக்டரம்மா பார்த்தார், நானும் பார்த்தேன். எலும்பு இருந்தது, நுரையீரல் இருந்தது, காசு இல்லை. பித்தளைக் காசு எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்ள முடியாது. உடம்பில் எங்கே இருந்தாலும் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும். ஆக, தாமரைக் காசு அந்தக் குழந்தைக்குள் இல்லை. இது சந்தேகமே இல்லாத விஷயம்.

இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் சறுக்கும். இல்லை என்று தெரிந்துவிட்டது, வீட்டுக்கு அனுப்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வேறு. அனுப்பியிருந்தாலும் யாரும் நம்மைக் குறை சொல்ல முடியாது. படம் கையில் இருக்கிறது.

டாக்டரம்மா எடுத்த பையைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். "படம் இல்லைங்குது. குழந்தை இருக்குங்குது. நான் குழந்தையை நம்பறேன்" என்றார். மறுபடி குழந்தையின் தொண்டையைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

ஏழுமலைக்கு முகம் தொங்கிப்போயிற்று. காசு இல்லை என்றதும் ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் ஏமாற்றம். பிறகு எங்கள் மிஷின்மேலேயே சந்தேகம். கரெண்டு கம்மியா என்று கேட்டார். ஆனால் நான் பார்த்தது கஸ்தூரியை. படத்தில் காசு இல்லை என்றதும் அங்கே ஆச்சரியப்படாத ஒரே ஆள் அவள்தான். தெரிந்த செய்தியைக் கேட்பது போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

படத்தை உலர்த்த வேண்டும், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவளை இருட்டறை வாசலுக்குக் கூப்பிட்டேன். படம் உலர்த்த யாருடைய உதவியும் எனக்குத் தேவையில்லை. அந்தக் காசு எங்கேயம்மா என்று நேராகவே கேட்டேன். அவள் கணவன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"அது கொயந்த வயித்துல இல்ல சார். ஊட்டுக்காரம்மா கைல கீது."

பிறகு கொட்டினாள். மேனாம்பேட்டில் வரிசை வீடு. அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே அடிபம்பு, அதன் பூட்டுச் சாவி வீட்டுக்கார அம்மாவிடம். வெயில் காலம். ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. அதற்குமேல் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த அம்மாவுக்குப் பூஜைக்கு நூற்றியேழு தாமரைக் காசு சேர்ந்துவிட்டது, ஒன்றுதான் குறைகிறது. கஸ்தூரி வீட்டில் ஒன்று இருப்பது எப்படியோ காதில் விழுந்து, கேட்டுவிட்டார்கள். தினமும் இரண்டு குடம் கூடுதலாக எடுத்துக்கொள் என்று சொன்னதும் இவள் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். புருஷனிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அடிப்பவர் இல்லையாம். ஆனால் அந்தக் காசு வந்ததிலிருந்து திருநின்றவூரில் ஒரு மனை, அதில் ஒரு கிணறு என்று தூக்கத்தில்கூட அதையே பேசிக்கொண்டிருக்கிறாராம். குழந்தைக்குத் தொண்டை கட்டியிருக்கும், படம் எடுத்தால் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும், அதற்குள் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? அவர் மனையையும் கிணற்றையும் காசுக்குள் பார்க்கிறார். இவள் குடத்தைப் பார்க்கிறாள். இருவரும் ஒரே தண்ணீருக்குத்தான் அலைகிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். நடுவில் குழந்தை வாயில் வழியும் எச்சிலை யாரும் கேட்பாரில்லை. ஆனால் கோபப்பட நேரம் இல்லை. காலையில் குழந்தை எதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தது என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். புருஷன் சில்லறையைப் பாயில் கொட்டி வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பழசு எல்லாம் ஒரு பக்கம். உதவாத காசு எல்லாம் குழந்தை பக்கம். உதவாத காசு என்றால் எது என்றேன். "வெள்ளக் காசு சார், லேசா இருக்குமே. அஞ்சு, பத்து" என்றாள்.

அலுமினியம்!

தம்பிகளே, பித்தளை எக்ஸ்ரேக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அலுமினியம் அப்படி இல்லை, கதிரைத் தாண்டிப் போக விட்டுவிடும். பித்தளையைத் தேடும் கண்ணோடு, முதுகெலும்பு பின்னால் இருக்கும்படி நேராக எடுத்தால், அது எலும்போடு எலும்பாகக் கரைந்துவிடும். நான் அவர்கள் சொன்ன காசைத் தேடிப் படம் எடுத்திருக்கிறேன். அவர்கள் தொலைத்த காசைச் சொன்னார்கள். குழந்தை விழுங்கிய காசை அவர்களுக்கே தெரியாது. வருகிறவர்கள் எப்போதும் தங்களுக்கு எது பெரிதோ அதைத்தான் சொல்வார்கள். அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் தேடிப் படம் எடுக்காதீர்கள்.

திரும்பி அறைக்குள் ஓடினேன். டாக்டரம்மா போன் செய்யப் போயிருந்தார், நர்ஸ் ஊசி மருந்து எடுக்கப் போயிருந்தாள். ஏழுமலை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாழைப்பழத்தை உரித்து அதன் உதட்டருகே கொண்டுபோய்விட்டார். காசு முழுங்கினால் வாழைப்பழம் கொடுத்துத் தள்ளிவிட வேண்டும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். எச்சிலே இறங்காத தொண்டையில் பழம் எங்கே இறங்கும்? மேலே அடைத்து மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். அவர் கையைத் தட்டிவிட்டேன். பழம் போய்ச் சுவரில் அப்பியது. அவர் சட்டைப் பையிலேயே இன்னும் இரண்டு பழம் வைத்திருந்தார். அதையும் பிடுங்கி ஜன்னல் வழியாகப் போட்டேன். வாழ்க்கையில் ஒரு நோயாளியின் அப்பாவைப் பார்த்து அவ்வளவு கத்தியதில்லை. அவர் திருப்பிக் கத்தவில்லை. "வேற இன்னா சார் செய்யறது, எனக்கு ஒண்ணும் புரியலயே" என்றார்.

டாக்டரம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான். வீட்டில் குழந்தை கைக்கு எட்டும்படி அலுமினியக் காசு இருந்திருக்கிறது. வீட்டுக்கார அம்மாவையும் குடத்தையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டாக்டருக்கு வேண்டியது அந்த ஒரு செய்தி. மீதி கஸ்தூரியுடையது, அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை கதிரைக் குறைத்து மென்மையாக, பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று எடுத்தேன். இருட்டறையில் கழுவிக்கொண்டிருந்தேன். இதிலும் இல்லை என்றால் அந்தக் குழந்தையை என்ன செய்வது? ஈரப் படத்தை வெளிச்சத்தில் மாட்டினேன். பக்கவாட்டுப் படத்தில், முதுகெலும்புக்கு முன்னால், உணவுக் குழாயின் தொடக்கத்தில், பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கோடு. நேர்ப் படத்தில் டாக்டரம்மா விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. மங்கலான வட்டம், அதன் ஓரம் நெளிநெளியாக. அலுமினியப் பத்துப் பைசாவுக்குத்தான் அப்படி நெளிந்த விளிம்பு.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். லேத் ஓட்டுகிறவர் அல்லவா, விளிம்பைச் சட்டென்று பிடித்துவிட்டார். "பத்து பைசா" என்றார். பிறகு ஒரு நிமிஷம் கழித்து, நான் எதற்குப் பயந்தேனோ அதையே கேட்டார். அப்படியானால் தாமரைக் காசு எங்கே?

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து கஸ்தூரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்லவும் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏழுமலை, நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். தொலைஞ்ச பொருளுக்கு மை போட்டுப் பார்க்கிறவன் இல்லை. உன் குழந்தை தொண்டையில காசு மாட்டியிருக்கு. அதைப் பார்க்கலாமா?" என்றேன்.

டாக்டரம்மா போனில் வரச்சொன்ன தொண்டை சர்ஜன் நகரத்திலிருந்து தன் கருவிப் பெட்டியோடு வரப் பிற்பகல் ஆகிவிட்டது. அதுவரை குழந்தைக்கு வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. அந்த வெயிலில் அது வராந்தாவிலிருந்த தண்ணீர்ப் பானையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. ஏழுமலை எழுந்துபோய்ப் பானைக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நின்றார். அங்கேயே நின்றார், உட்காரவே இல்லை. அவர்மேல் எனக்கிருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது அப்போதுதான்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு படம் எடுக்கச் சொன்னார் சர்ஜன். இதற்கு முணுமுணுக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் காசு தானாகவே வயிற்றுக்கு இறங்கியிருக்கலாம். பிறகு வீணாக ஒரு குழந்தையை மயக்கியவர்கள் ஆவோம். எடுத்தேன். காசு நகரவில்லை. உள்ளே கொண்டுபோனார்கள்.

நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே பாத்திரத்தில் "டிங்" என்று ஒரு சத்தம் கேட்டது. நர்ஸ் கழுவிய காசைச் சின்னத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து ஏழுமலையிடம் நீட்டினாள். வெள்ளையாக, இலேசாக, ஒரு பத்துப் பைசா. கையில் எடுத்தவர் என்ன செய்தார் தெரியுமா? புரட்டி வருஷத்தைப் பார்த்தார்.

நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. நர்ஸ், டாக்டரம்மா, சர்ஜன் எல்லாரும் நிற்கும்போதே, "அது ஊட்டுக்காரம்மாகிட்ட கீது. நான்தான் குட்த்தேன். தெனம் ரெண்டு கொடம் தண்ணி தரேன்னாங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்தார். பத்துப் பைசாவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கஸ்தூரி நகரவில்லை. எனக்குத்தான் அங்கே நிற்கச் சங்கடமாக இருந்தது. ஆனால் போகவும் மனசு வரவில்லை.

சாயங்காலம் குழந்தைக்கு மயக்கம் நன்றாகத் தெளிந்தது. கரகரத்த குரலில் தண்ணீர் கேட்டது. டாக்டரம்மா முதலில் ஒரு ஸ்பூன் கொடுக்கச் சொன்னார். நான் டம்ளரைப் பிடித்துக்கொள்ள, கஸ்தூரி ஊற்றினாள். நாங்கள் எல்லாரும் அந்தச் சின்னக் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது. இன்னொரு ஸ்பூன். அதுவும் இறங்கியது. பிறகு குழந்தை ஸ்பூனைத் தள்ளிவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்து முடித்தது.

காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டே ஏழுமலை மனைவியிடம் முதல்முறையாகப் பேசினார். "ரெண்டு கொடந்தானா? மூணா கேட்டிருக்கக் கூடாதா?"

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். நான் பானைக்குப் போய் டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன்.